மனதைப் படிக்க இரண்டு வாசல்கள்

(மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவ மாணவியருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நமது மருத்துவமனையில் நடந்த வழிகாட்டுக் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. நண்பர்கள் பலர் கேட்டுக்கொண்டபடி இங்கே தரப்படுகிறது.)

 

கூட்டத்திற்கு முன்பாக உங்கள் கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்டிருந்தோம். அநேகச் சீட்டுகள் வந்தன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வெவ்வேறு கையெழுத்தில்: "மனதைப் பற்றிப் படிக்க ஆசைப்படுகிறேன். சைக்காலஜி எடுப்பதா, சைக்யாட்ரி எடுப்பதா?" இன்னும் சிலர் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள்: "நீட் கிடைக்காவிட்டால் சைக்காலஜி எடுத்துக்கொள்ளலாமா?" இந்த இரண்டு கேள்விகளையும் இன்று எடுத்துக்கொள்வோம்.

இதற்குப் பதில் சொல்ல இவர்கள் யார் என்று நீங்கள் நினைக்கலாம். நியாயம்தான். நாங்கள் மருத்துவர்களும் அல்ல, உளவியலாளர்களும் அல்ல. இறையியல் கல்லூரியில் பயின்று, நோயாளிகளின் படுக்கையருகே அமர்ந்திருப்பதையே ஊழியமாகக் கொண்டவர்கள். ஆனால் அந்தப் படுக்கையின் ஒரு பக்கத்தில் மனநல மருத்துவரும் மறுபக்கத்தில் உளவியலாளரும் நிற்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். எந்தப் பக்கத்திற்கும் ஆள் சேர்க்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை. ஆகையால் பார்த்ததைப் பார்த்தபடியே சொல்ல முடியும்.

இரண்டும் ஒன்றல்ல

நம் ஊரில் இருவரையும் "மனசு டாக்டர்" என்று ஒரே பெயரால் அழைத்துவிடுகிறோம். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. சைக்யாட்ரி என்பது மனநல மருத்துவம். அதைப் படிக்கிறவர் முதலில் எல்லாரையும் போல எம்.பி.பி.எஸ். படித்து மருத்துவராக வேண்டும். பிறகுதான் மனநோய்களில் சிறப்புப் பயிற்சி. அவர் மருந்து எழுதலாம், நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கலாம். சைக்காலஜி என்பது உளவியல். மனிதன் எப்படி நினைக்கிறான், கற்கிறான், பயப்படுகிறான், பழகுகிறான் என்பதை ஆராயும் படிப்பு அது. அதில் ஒரு கிளையே மருத்துவ உளவியல். அந்தக் கிளையில் பயிற்சி பெற்றவர் நோயாளிகளைச் சோதித்து அறிவார், பேச்சின் மூலமாகவும் பயிற்சிகளின் மூலமாகவும் சிகிச்சை தருவார். நம் நாட்டில் உளவியலாளர் மருந்து எழுத முடியாது.

இது புத்தக விளக்கம். வார்டில் எப்படி இருக்கிறது என்பதற்கு மூன்று பேரைச் சொல்கிறோம். அவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

முதலாமவர் ஐம்பது வயது தாண்டிய ஒரு விவசாயி. ஆறு மாதமாக வயலுக்குப் போகவில்லை. பேச்சு குறைந்துவிட்டது. எப்போதும் தூக்கம், எதிலும் பிடிப்பில்லை. மகள் கலியாணக் கடன்தான் அவரை அரிக்கிறது என்று வீட்டார் முடிவு கட்டியிருந்தார்கள். மனநல மருத்துவர் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தார், தோலின் வறட்சியைக் கவனித்தார், குரல் எப்போது மாறியது என்று கேட்டார், பிறகு தைராய்டு பரிசோதனைக்கு எழுதினார். சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. மனச்சோர்வு போலவே தோன்றுகிற சரீர வியாதி அது. அவரோடு ஒரு வருடம் உட்கார்ந்து ஆறுதல் பேசியிருந்தாலும் அது தீர்ந்திருக்காது. தினம் காலையில் ஒரு மாத்திரை போதுமாயிருந்தது. மனநல மருத்துவர் எதற்காக ஐந்தரை ஆண்டுகள் முழு உடம்பையும் படிக்கிறார் என்பதற்கு இது ஒரு பதில்.

இரண்டாமவள் ஒரு கல்லூரி மாணவி. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை கை கழுவுவாள். தோல் வெடித்து இரத்தம் கசிந்தது. தாயார் கெஞ்சினார், தகப்பனார் அடித்தார். மனநல மருத்துவர் கொடுத்த மருந்தால் பதற்றம் ஓரளவு தணிந்தது. ஆனால் கை கழுவுவது நிற்கவில்லை. அதன்பின் உளவியலாளரான ஒரு சகோதரி வாரம் ஒரு முறை அவளோடு உட்கார்ந்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கதவுப் பிடியைத் தொடச் சொல்வார். தொட்டபின் கழுவாமல் காத்திருக்கச் சொல்வார். அந்தப் பெண்ணுக்கு வியர்க்கும், அழுகை வரும். பயம் ஏறி, ஏறி, ஓர் உச்சிக்குப் போய், பிறகு கழுவாமலேயே தானாக இறங்கும். அடுத்த வாரம் இன்னும் கடினமான ஒன்று. இப்படியே நான்கு மாதங்கள். பயம் தானாக இறங்கும் என்பதை வாய்ச்சொல்லால் யாரும் அவளுக்கு நிரூபித்திருக்க முடியாது. அவளே அனுபவித்துக் கற்றாள். அதற்குப் பக்கத்தில் அவசரப்படாத ஒருவர் வேண்டியிருந்தது.

மூன்றாமவள் பிள்ளை பெற்றுப் பத்து நாளான ஓர் இளம் தாய். நான்கு இரவாகத் தூக்கமில்லை. "இது என் பிள்ளை இல்லை, மாற்றிவிட்டார்கள்" என்றாள். காற்றுக் கருப்பு என்று சொல்லி ஊரில் இரண்டு நாள் கடத்திவிட்டார்கள். பிரசவத்திற்குப் பின் வரும் கடும் மனநோய் அது. தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அந்த இரவில் தேவைப்பட்டவர் மனநல மருத்துவர். உடனே சேர்த்து, மருந்து கொடுத்து, பிள்ளையைப் பாதுகாப்பாக அருகில் வைத்துக் கவனித்தார்கள். சில வாரங்களில் தெளிந்தாள். தெளிந்த பிறகு வேறொரு துன்பம் தொடங்கிற்று. "நானா அப்படிச் சொன்னேன்?" என்ற வெட்கம், மாமியாரின் பார்வை, அடுத்த பிரசவத்தைப் பற்றிய பயம். அங்கே உளவியலாளரின் வேலை ஆரம்பித்தது. கணவனையும் மாமியாரையும் கூட்டி வைத்து மாதக்கணக்கில் பேச வேண்டியிருந்தது. அவர்கள் இருவரில் யாரை அந்தத் தாய்க்கு வேண்டாம் என்று சொல்லலாம்?

எங்கள் பதிலின் சாரம் இதுதான். இவற்றில் எதுவும் மற்றொன்றின் உயர்ந்த படியும் அல்ல, தாழ்ந்த படியும் அல்ல. நோயாளியின் துன்பத்தில் எந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் நிற்கப்போகிறீர்கள், எந்தப் பாரத்தை உங்கள் தோளில் ஏற்கப்போகிறீர்கள் என்பதே கேள்வி.

எத்தனை ஆண்டுகள்?

பெற்றோர் காத்திருக்கும் பகுதிக்கு வருவோம். மனநல மருத்துவராக வேண்டுமானால் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பாடங்கள் வேண்டும், நீட் தேர்வு எழுத வேண்டும். எம்.பி.பி.எஸ்., பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். பிறகு மறுபடியும் ஒரு நுழைவுத் தேர்வு, அதன்பின் எம்.டி. மூன்று ஆண்டுகள். இடையில் ஒரு வருடமும் வீணாகாவிட்டால் எட்டரை ஆண்டுகள். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டில் 2020 முதல் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இதை மறந்துவிட வேண்டாம்.

உளவியல் குறுக்கு வழி என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். இளங்கலை மூன்று ஆண்டுகள், முதுகலை இரண்டு ஆண்டுகள். அத்துடன் நோயாளிக்குச் சிகிச்சை தரும் உரிமை வந்துவிடாது. இதுவரை இருந்த முறையில், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் மருத்துவ உளவியலில் இரண்டு ஆண்டு எம்.ஃபில். படித்து, அக்கவுன்சிலின் பதிவேட்டில் பெயர் பதிந்தவரே மருத்துவ உளவியலாளர். ஆக ஏழு ஆண்டுகள். இரண்டு வழிகளுக்கும் இடையில் இருப்பது ஒன்றரை ஆண்டு வித்தியாசம் மட்டுமே.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். படிப்பை நிறுத்தச் சொன்னது. மருத்துவ உளவியலுக்கு 2025-26 கல்வியாண்டு வரை அவகாசம் தரப்பட்டது. ஆகவே நீங்கள் முதுகலை முடிக்கும் நாளில் அந்தப் பயிற்சியின் பெயரும் அமைப்பும் வேறாக இருக்கக்கூடும். பெயர் எதுவானாலும் மூன்று காரியங்களை விசாரியுங்கள்: நிறுவனத்திற்கு அங்கீகாரம் உண்டா? மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் உண்மையான நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி உண்டா? முடித்தபின் பதிவேட்டில் பெயர் ஏறுமா? மூன்றுக்கும் "ஆம்" என்ற பதில் கிடைக்காத இடத்தில் கட்டணம் கட்டாதீர்கள்.

பதிவு இல்லாத உளவியல் முதுகலை வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. பள்ளி ஆலோசகர், கல்லூரி ஆசிரியர், ஆராய்ச்சியாளர், நிறுவனங்களில் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பணி எனப் பல நல்ல வேலைகளுக்கு அது போதும். ஆனால் கடும் மனநோயாளிக்குச் சிகிச்சை தரும் வேலைக்கு அது போதாது. இதைவிட ஆபத்தானது வேறொன்று. சில வாரச் சான்றிதழ் ஒன்றைச் சுவரில் மாட்டிக்கொண்டு, பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்று எழுதிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போன நோயாளி நோய் முற்றித்தான் மருத்துவமனைக்கு வருகிறார்.

சட்டம் இதைப் பற்றித் தெளிவாகவே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, ஒருவர் தமது துறைக்கு அனுமதிக்கப்படாத மருந்தையோ சிகிச்சையையோ பரிந்துரைக்கக் கூடாது. தாமாக முடிவெடுக்க இயலாத நிலையில் உள்ள நோயாளியைச் சேர்ப்பதற்கு 89-ஆம் பிரிவு ஒரு நிபந்தனை வைக்கிறது. இருவர் தனித்தனியே அவரைப் பரிசோதித்திருக்க வேண்டும். ஒருவர் மனநல மருத்துவர். மற்றவர் வேறொரு மனநலப் பணியாளராகவோ மருத்துவராகவோ இருக்கலாம். மருத்துவ உளவியலாளரையும் மனநலச் செவிலியரையும் மனநலச் சமூகப் பணியாளரையும் மனநலப் பணியாளர் என்றே சட்டம் கணக்கிடுகிறது. ஒரு மனிதனின் சுதந்திரத்தைத் தொடும் முடிவை ஒரே ஆளின் கண்ணுக்கு விட்டுவிடக் கூடாது என்பதே இதன் கருத்து.

வேலி உண்டு, சுவர் இல்லை

இரண்டு துறைகளுக்கும் நடுவில் இருப்பது வேலிதான். சரித்திரத்தைப் பார்த்தால் வேலியைத் தாண்டிப் போனவர்கள் அநேகர். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1910-இல் மருத்துவரானார். பிறகு மாணவராகத் திரும்பிப் போய் 1917-இல் உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1922-இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். இன்று உளவியலாளர்கள் அதிகமாகக் கையாளும் சிந்தனைச் சீர்திருத்தச் சிகிச்சைக்கு 1960-களில் வழி காட்டிய அமெரிக்கரான ஆரன் பெக் ஒரு மனநல மருத்துவர். ஆலோசனைக் கலையையே மாற்றிய கார்ல் ரோஜர்ஸ், நியூயார்க்கில் இரண்டு ஆண்டுகள் இறையியல் படித்துவிட்டு உளவியலுக்குப் போனவர். எங்கள் வகுப்பை விட்டுப் போனாரே என்று நாங்கள் வருத்தப்படுவதில்லை!

நம் ஊரிலேயே ஒருவரைச் சொல்ல வேண்டும். டாக்டர் சாரதா மேனன் இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்பட்டவர். சென்னை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தார். மருந்தின் வல்லமையை அறிந்தவர். ஆனாலும் மருந்தால் தெளிந்த மனிதன் வெளியே போய் என்ன செய்வான், யார் வேலை கொடுப்பார், வீட்டில் யார் ஏற்றுக்கொள்வார் என்ற கேள்வி அவரை விடவில்லை. ஓய்வு பெற்றபின் 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்காகச் சென்னையில் ஸ்கார்ஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். 2021-இல் மறைந்தார். மருந்து எங்கே முடிகிறது என்று அறிந்த மருத்துவர் அவர். நல்ல உளவியலாளரும் அப்படித்தான், பேச்சு எங்கே முடிகிறது என்று அறிந்திருப்பார்.

உங்களையே கேட்டுக்கொள்ள மூன்று கேள்விகள்

முதல் கேள்வி. சரீரத்தோடு வேலை செய்ய உங்களுக்கு மனமுண்டா? மனநல மருத்துவராக விரும்புகிறவர் முதல் ஆண்டிலேயே பிரேதத்தை அறுத்துப் படிக்க வேண்டும். பிரசவம் பார்க்க வேண்டும், பாம்புக்கடிக்கு ஊசி போட வேண்டும், அவசரப் பிரிவில் இரவெல்லாம் நிற்க வேண்டும். அந்த ஐந்தரை ஆண்டுகளில் மனநலப் பிரிவுக்குக் கிடைப்பது சில வாரங்களே. அதைச் சிறைவாசமாக எண்ணுகிறவர் நல்ல மருத்துவராக மாட்டார். பின்னாளிலும் உடம்பு அவரை விடாது. லித்தியம் மாத்திரை கொடுத்தால் இரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குடியைத் திடீரென்று நிறுத்தியவர் இரண்டாம் மூன்றாம் நாளில் உடல் நடுங்கி, இல்லாததைக் கண்டு அலறினால், அது உயிருக்கே ஆபத்தான நிலை என்று அவர் அறிந்து செயல்பட வேண்டும்.

இரண்டாவது கேள்வி. மெதுவாக நடக்கும் வேலையைத் தாங்குவீர்களா? புறநோயாளர் பிரிவில் நீண்ட வரிசை நிற்கும்போது, மனநல மருத்துவரால் ஒருவருக்குச் சில நிமிடங்களே கொடுக்க முடிகிறது. உளவியலாளர் ஒருவரோடு முக்கால் மணி நேரம் இருப்பார். அடுத்த வாரமும், அதற்கு அடுத்த வாரமும் அதே ஆள், அதே பயம். ஐந்தாவது வாரத்தில் நோயாளி வராமலே போகலாம். நன்றி சொல்ல ஆளிருக்காது. "நான் நன்றாகப் பேசுவேன், எல்லாரும் என்னிடம் கஷ்டத்தைச் சொல்லுவார்கள்" என்று சீட்டில் எழுதிய தங்கைக்கு ஒரு வார்த்தை. பேசும் திறமையைவிடப் பேசாமல் கேட்கும் திறமையே இதில் பெரிது. கூடவே புள்ளியியலும் உண்டு. உளவியல் ஓர் அறிவியல். கணக்குக்குப் பயந்து அதற்குள் ஓடி வருகிறவரை அங்கேயும் கணக்கு பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது கேள்வி. எந்தப் பொறுப்பு உங்களைத் தூங்கவிடும்? விரும்பாத ஒருவரை நள்ளிரவில் மருத்துவமனையில் சேர்க்கக் கையெழுத்திடுவது மனநல மருத்துவரின் பாரம். "சாகலாம் போலிருக்கிறது" என்று சொன்ன ஒருவரைப் பாதுகாப்புக்கான ஏற்பாடுகளைச் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் வரை மனதில் சுமப்பது உளவியலாளரின் பாரம். பாரமில்லாத வழி இதில் இல்லை.

இப்போது நீட் கேள்விக்கு வருவோம். அதைக் கேட்டவர் தம்மையே இப்படிச் சோதித்துப் பார்க்கட்டும். நாளைக்கே மருத்துவ இடம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து எல்லாப் பிரிவுகளும் உங்களுக்கு முன் திறந்திருந்தால், மனநலப் பிரிவைத் தெரிந்தெடுப்பீர்களா? "இல்லை, இதய மருத்துவம் எடுப்பேன்" என்றால் உங்கள் ஆசை மருத்துவராவதில்தான் இருக்கிறது. மறுபடி எழுதிப் பாருங்கள், அல்லது மருத்துவத்தைச் சார்ந்த வேறு நல்ல படிப்புகளைப் பாருங்கள். தோற்றுப்போன மனத்தோடு உளவியலுக்கு வராதீர்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் நோயாளி அதைக் கண்டுபிடித்துவிடுவார். "இடம் கிடைத்தாலும் வேண்டாம், மனிதனின் மனதையே படிக்க வேண்டும்" என்று சொல்ல முடிந்தால் தயங்காமல் உளவியலுக்குப் போங்கள். அது இரண்டாம் பரிசு அல்ல.

பெற்றோருக்கு

ஐயாமாரே, அம்மாமாரே, உங்கள் கவலை எங்களுக்குத் தெரியும். "கீழ்ப்பாக்கம்" என்ற சொல்லையே நம் ஊரில் வசையாக்கி வைத்திருக்கிறோம். பைத்தியங்களோடு வேலை செய்கிற பெண்ணை யார் கட்டுவார்கள் என்று ஒரு தாயார் எங்களிடம் கேட்டார். எலும்பு முறிந்தவனோடு வேலை செய்கிறவரை அப்படிக் கேட்பதில்லையே! வருமானத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறோம். பொதுவாக மனநல மருத்துவரின் சம்பளம் அதிகம், அரசு வேலைகளும் அவருக்கே அதிகம். உளவியலாளருக்கு ஆரம்ப ஆண்டுகள் கடினமாயிருக்கும். இதைத் தெரிந்துகொண்டு பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், சம்பளக் கணக்கைக் காட்டி மறுபடியும் மறுபடியும் இழுக்காதீர்கள்.

தேவை எவ்வளவு என்பதையும் அறியுங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. நோய்க்கேற்ப 70 முதல் 92 விழுக்காடு பேர் சிகிச்சையே பெறவில்லை. இந்த இலக்கங்களுக்கு நம் மாநிலத்தில் ஒரு முகம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்கள் வீட்டார்தான். அன்பில்லாமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. போக வேறு இடம் தெரியவில்லை.

இதை வேறொரு சமயத்தாரின் காரியம் என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. ஜெபித்தாயிற்று, இனி மாத்திரை வேண்டாம் என்று சொல்லுகிறவர்கள் நம் சபைகளிலும் இருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தி, சில வாரங்களில் நோய் திரும்பி வந்தவர்களை இந்த வார்டிலேயே பார்க்கிறோம். ஜெபிக்கிறவர் ஜெபிக்கட்டும். மாத்திரையை நிறுத்துவது எப்போது என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

பெயரில்லாத ஒரு சீட்டு

ஒரு சீட்டை நாங்கள் தனியே எடுத்து வைத்திருக்கிறோம். அதில் பெயர் இல்லை. "என் அண்ணனைக் குணமாக்க எதைப் படிக்க வேண்டும்?" என்று மட்டும் இருக்கிறது.

எழுதியவர் இந்தக் கூட்டத்தில் எங்கோ உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களைத் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று எல்லாரையும் கேட்டுக்கொள்கிறோம். தம்பியோ தங்கையோ, கேளுங்கள். நீங்கள் எதைப் படித்தாலும் முடிக்க ஏழு, எட்டு ஆண்டுகள் ஆகும். உங்கள் அண்ணனால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. மனநோய்க்கு எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை தொடங்குகிறதோ அவ்வளவுக்கு நல்லது. இந்த வாரமே அவரை அழைத்து வாருங்கள். இங்கே வரத் தயக்கமாயிருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கும் முன்னால் ஒருவரிடம் பேச வேண்டுமானால் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்யுங்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

இன்னொன்று. நீங்கள் மனநல மருத்துவரானாலும் உளவியலாளரானாலும் சொந்த அண்ணனுக்கு நீங்களே சிகிச்சை தருவது முறையல்ல. அதை வேறொருவர் செய்வார். உங்கள் அண்ணனுக்கு மருத்துவர் கிடைப்பார். தம்பியோ தங்கையோ நீங்கள் ஒருவரே. அவரோடு சாப்பிட உட்காருங்கள், மாத்திரை நேரத்தை ஞாபகப்படுத்துங்கள், ஊரார் சிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அதற்குப் பட்டம் வேண்டியதில்லை. அதன்பின்னும் இந்தத் துறையே வேண்டும் என்று மனம் சொன்னால் வாருங்கள். அப்போது மற்றவர்களுடைய அண்ணன்மார் உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

வீட்டில் பட்ட பாடு இந்தத் துறைக்கு ஒரு தடை அல்ல. அமெரிக்கரான ஆன்டன் பாய்சன் ஒரு போதகர். 1920-இல் கடும் மனநோயால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, நீண்ட நாள் இருந்து தெளிந்தார். 1924-இல் வேறொரு மனநல மருத்துவமனைக்கே போதகராகப் போனார். அடுத்த ஆண்டு இறையியல் மாணவர்களை அங்கே அழைத்து நோயாளிகளின் நடுவில் பயிற்சி கொடுத்தார். எங்களைப் போன்ற மருத்துவமனைப் போதகர்கள் இன்று பெறும் பயிற்சிக்கு வேர் அதுதான். ஆனால் அவர் முதலில் தமது நோய்க்குத் தெளிவு பெற்றார், பிறகே மற்றவர்களிடம் போனார். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இனி செய்ய வேண்டியவை

தீர்மானத்தை இன்றைக்கே எடுக்க வேண்டாம். விடுமுறையில் ஒரு மனநல மருத்துவரையும் ஒரு மருத்துவ உளவியலாளரையும் நேரில் பார்த்து, அவர்களுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். நோயாளியின் அறைக்குள் உங்களை விடமாட்டார்கள். விடவும் கூடாது. ஆனால் வரிசையில் காத்திருக்கும் குடும்பங்களோடு ஒரு காலை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள், சீட்டு வாங்க உதவுங்கள். மத்தியானத்தில் வீட்டுக்குப் போகும்போது மறுபடி வரத் தோன்றுகிறதா என்று பாருங்கள்.

இந்த இரண்டு வாசல்களிலும் நுழைய முடியாதவர்களுக்கும் இடமுண்டு. மனநலச் செவிலியர், மனநலச் சமூகப் பணியாளர், தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆகியோர் இல்லாமல் எங்கள் வார்டு ஒரு நாள்கூட நடக்காது. நோயாளியின் வீட்டுப் படியேறிப் போய், "வேலைக்குப் போகிறாரா? மாத்திரை தீர்ந்துவிட்டதா?" என்று கேட்கிறவர் சமூகப் பணியாளர்தான்.

இதழில் இதை வாசிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் படிப்புக்கு உதவ விரும்புகிறவர்கள் வழக்கமாக "ஒரு மருத்துவரை உருவாக்குங்கள்" என்று எழுதி அனுப்புகிறார்கள். அதற்காக நன்றி. அடுத்த முறை எழுதும்போது, பதிவு பெற்ற ஓர் உளவியலாளரையும் உருவாக்கலாம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். அந்த ஏழு ஆண்டுகளில் கடைசி இரண்டு ஆண்டுகள்தான் ஏழைப் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துகின்றன. முதுகலையோடு நின்று வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

சீட்டு எழுதிய ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல நேரம் போதவில்லை. பின்பக்க வராந்தாவில் மாலை ஆறு மணி வரை நாங்கள் இருப்போம். தேநீரும் இருக்கிறது. தனியாகப் பேச விரும்புகிறவர்கள் வரலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.